வரமா? வேலையா?

சென்ற மாதம் நமது ஊர்த் தையற்காரத் தோழர் ஒருவர் தமது மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அந்தப் பெண் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்து ஓவியப் பட்டம் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. தகப்பனாருக்கு அதில் இஷ்டமில்லை. காரணம் கேட்டோம்.

"ஐயா, சித்திரம் என்பது பிறக்கும்போதே கூட வரவேண்டிய வரம் என்கிறார்கள். எங்கள் வம்சத்தில் சித்திரக்காரன் ஒருவனும் கிடையாது. ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கலை யோகம் இல்லை என்று ஜோசியரும் சொல்லிவிட்டார். அதுவும் பெண்பிள்ளை. இல்லாத ஒன்றுக்காக நான்கு வருஷம் பணத்தைக் கொட்டலாமா?" என்றார்.

ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்தார். தகப்பனார் ஜோசியரைப் பார்த்தார். பெண் வரைந்த நோட்டுகளை மாத்திரம் இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஆகவே அவற்றைக் கொண்டுவரச் சொல்லி நாம் பார்த்தோம்.

மொத்தம் 11 நோட்டுகள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி நான்கு வருஷத்து வேலை. முதல் நோட்டு முழுவதும் காலண்டர் லட்சுமியும் சினிமா நடிகர்களுமே. அந்த முகங்களில் கண்கள் நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மனிதனுடைய தலையின் உயரத்தில் கண் இருக்குமிடம் ஏறக்குறைய சரிபாதியாகும். ஆனால் புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் அதை மேலே தூக்கித்தான் போடுவார்கள். ஏனென்றால் அவர்கள் கண்ணால் கண்டதைப் போடுவதில்லை. மனதில் நினைத்துக்கொண்டிருப்பதைப் போடுகிறார்கள். இரண்டாவது நோட்டில் எல்லா உருவங்களுக்கும் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. "ஏனம்மா இப்படி?" என்று கேட்டோம். "கை வரைய வராதுங்க ஐயா, அதனால் மறைத்துவிட்டேன்" என்றாள்.

நான்காவது நோட்டில் காலண்டர் தொலைந்துவிட்டது. தகப்பனார் கடையில் காஜா எடுக்கிற பையன், பஸ் நிலையத்தில் மூட்டையின்மேல் தலை வைத்துத் தூங்குகிறவர்கள், வீட்டுக் கோழி ஆகியவை வந்துவிட்டன. கோழி மாத்திரம் முப்பதுக்கு மேல் இருக்கும். முதல் பத்தும் கோழி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏழாவது நோட்டு முழுவதும் கைகள்தான். முன்னே எதை வரையப் பயந்து மறைத்தாளோ, அதையே நூறு தடவை வரைந்து பார்த்திருக்கிறாள். பாட்டி வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற கை. ஊசியில் நூல் கோக்கிற கை. கத்தரிக்கோல் பிடித்துக் காய்ப்பு ஏறின பெருவிரல். இதைப் பார்த்தவுடன் தகப்பனார், "இது என் கையல்லவா?" என்று கேட்டுவிட்டார். முகம் போடாத படத்தில் ஒரு மனிதன் தன்னை அடையாளம் கண்டுகொண்டான்.

கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன் இந்தப் பெண் தானாகப் படித்த படிப்பு இது. இதில் வரம் என்பது எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் வந்து இறங்கிற்று என்று கேட்கிறோம்.

தோழருடைய தொழிலையே எடுத்துக்கொள்ளுவோம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மார்பளவு சொல்லிவிடுவார். இது அவருக்கு யார் கொடுத்த வரம்? சிறு வயதில் கடையில் சேர்ந்து, காஜா எடுத்து, பட்டன் தைத்து, ஓரம் மடித்துத் தைத்து, சில வருஷம் போன பிறகே கத்தரியைத் தம் கையில் கொடுத்தார்கள் என்று அவரே சொல்லுகிறார். தமக்கு வந்தது உழைப்பினால் என்றும், மகளுக்கு வரவேண்டியது மாத்திரம் கிரகத்தினால் என்றும் சொல்லுவது என்ன நியாயம்?

இப்படிச் சொன்னால், "அப்படியானால் பிக்காசோ போன்றவர்கள் பிறவி மேதைகள் இல்லையா?" என்று படித்தவர்கள் சிலர் கேட்பார்கள். அந்தச் சங்கதியையும் பார்ப்போம். பிக்காசோ 1881ல் ஸ்பெயின் தேசத்து மலகா நகரில் பிறந்தார். அவருடைய தகப்பனாரே ஓர் ஓவிய ஆசிரியர். வீட்டில் பென்சிலுக்கும் வர்ணத்துக்கும், திருத்திச் சொல்லுவதற்கும் பஞ்சமில்லை. 1892ல் தகப்பனார் வேலை பார்த்த கலைப் பள்ளியிலேயே பிள்ளையும் சேர்ந்து, பிளாஸ்டர் உருவங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1895ல் பார்சிலோனா கலைப் பள்ளித் தேர்வுக்குப் போனபோது அவருக்கு வயது 13. ஒரு மாதத் தேர்வை ஒரே நாளில் முடித்தார் என்பது பிற்காலத்தில் எழுந்த புராணம். ஆனால் அந்தத் தேர்வுக்காக அவர் வரைந்த படங்களிலோ செப்டம்பர் 25 என்றும் 30 என்றும் இரண்டு தேதிகள் இருக்கின்றன. அவருடைய குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த இளமைக்கால வேலைகளை 1970ல் பார்சிலோனா காட்சிசாலைக்கு அவரே கொடுத்தார். அவை 900க்கு மேற்பட்டவை. பாடப் புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கியவையும் அவற்றில் உண்டு. மேதை என்கிறவருக்கும் நோட்டுகள் இருந்தன என்பதே இதன் தாத்பரியம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1896ல் அவர் வரைந்த 'புதுநன்மை' என்னும் படத்தில் வெள்ளை முக்காட்டுடன் மண்டியிட்டிருப்பவள் அவருடைய தங்கை லோலா. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஓடியது ஒரே ரத்தம். அண்ணன் தூரிகை பிடித்தார். தங்கை அவருக்கு முன் மண்டியிட்டாள். வரம் ரத்தத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது?

பெண்ணுக்கு இது எதற்கு என்ற கேள்வி நம் ஊருக்கு மாத்திரம் சொந்தமல்ல. லண்டன் ராயல் அகாடமி 1768ல் ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியவர்களில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஆயினும் அதன் பள்ளியில் பெண்களைச் சேர்க்கவில்லை. 1860ல் லாரா ஹெர்போர்டு என்ற பெண் தம் பெயரை முழுதும் எழுதாமல் தலையெழுத்துக்களை மாத்திரம் போட்டுப் படங்களை அனுப்பினார். படங்களைப் பார்த்தவர்கள் வரைந்தவர் ஆண் என்று எண்ணி இடம் கொடுத்துவிட்டார்கள். பெயர் தெரியாதபோது இருந்த யோக்கியதை, பெண் என்று தெரிந்தவுடன் எங்கே ஓடிப்போகும்? பாரிஸ் நகரத்து அரசாங்கக் கலைப் பள்ளியோ 1897 வரையில் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. திறமை இல்லாததால் பெண்கள் வரவில்லை என்பதல்ல. கதவைச் சாத்தி வைத்துவிட்டுத் திறமை இல்லை என்று சொன்னார்கள்.

நம் நாட்டிலும், 1850ல் சென்னையில் ஹண்டர் என்னும் டாக்டர் தொடங்கிய பள்ளிதான் இன்று அந்தப் பெண் சேர விரும்பும் கல்லூரியாக இருக்கிறது. துறையூர்ப் பக்கம் கீராம்பூர் என்னும் கிராமத்தில் 1938ல் பிறந்த ஆதிமூலம் அங்கே படித்து, கறுப்புக் கோடுகளால் காந்தியாரை வரைந்து பெயர் பெற்றார். அந்த வாசலில் வரைந்து காட்டச் சொல்லுவார்களேயன்றி, ஜாதகத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லமாட்டார்கள்.

நிற்க. வரம் என்று சொல்லுவதைப் பலர் புகழ்ச்சி என்று நினைக்கிறார்கள். நாம் அதைத் திருட்டு என்கிறோம். வரைய வராதவளிடம் "உனக்கு வரம் இல்லை" என்று சொல்லிப் பென்சிலைப் பிடுங்குகிறோம். வரைந்து காட்டியவளிடம் "சரஸ்வதி கடாட்சம்" என்று சொல்லி, அவளுடைய நான்கு வருஷ உழைப்பைப் பிடுங்கி வேறொருவர் கணக்கில் வரவு வைக்கிறோம். இரண்டு வகையிலும் நஷ்டம் உழைத்தவளுக்கே.

கலை சோறு போடுமா என்று தோழர் கடைசியாகக் கேட்டார். இது ஜோசியரைக் கேட்டதைவிட நூறு மடங்கு புத்தியுள்ள கேள்வி. கட்டாயம் போடும் என்று நாம் பொய் சொல்லத் தயாரில்லை. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கும் அந்த உத்தரவாதத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை, துணிகளுக்கு டிசைன் போடுவது, புத்தகங்களுக்குப் படம் போடுவது, சினிமாவுக்கு செட் அமைப்பது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாம் கஷ்டப்பட்டுத் தேடவேண்டியவை. கஷ்டம் என்று தெரிந்து போகிறவள் ஏமாறமாட்டாள்.

கல்லூரிக்குப் போக இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். தினமும் கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். கோணலாக வந்ததைக் கிழிக்காதீர்கள். நேற்றைய கோணல்தான் இன்றைக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறோம் என்பதற்குச் சாட்சி. எது வரவில்லையோ அதை மறைக்காமல் மறுபடியும் வரையுங்கள். இதற்கு வேண்டியது ஒரு பென்சிலும் ஒரு நோட்டுமே.

பெற்றோர்களுக்குச் சொல்லுவது அதைவிடச் சிறிது. பிள்ளை சுவரில் கரியால் கிறுக்கினால் அடிக்குமுன் என்ன கிறுக்கியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். ஜோசியருக்குக் கொடுக்கிற தட்சிணைக்குக் காகிதம் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தையற்காரத் தோழர் 11 நோட்டுகளையும் தாமே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். விண்ணப்பம் போட்டாயிற்று என்று போன வாரம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, அது தேர்வில் தெரிய வேண்டிய விஷயம். பார்க்காமலே இல்லை என்று சொல்லுவதை மாத்திரம் நமது தோழர்கள் இனி விட்டுவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.