பக்கவாதமும் நீர்ப்பயிற்சியும்

பாரிசவாயு என்று நம் முன்னோர் வழங்கிய பக்கவாதம், உயிரைக் கவராது விட்டாலும் காலின் இயக்கத்தைக் கவர்ந்துவிடுவதுண்டு. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரின் ஒரு பகுதி டெய்ரி ஃபார்ம். அங்கு இத்தகைய நோயாளியை வீட்டில் வைத்திருக்கும் குடும்பத்தினர்க்கு, ‘சுற்றிலும் கடல் இருக்கிறதே, அதில் இறக்கி நடை பழக்கலாமே’ என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. அவ்வெண்ணத்தில் உண்மையும் உண்டு, அபாயமும் உண்டு.

உண்மை யாதெனில், இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியையே சுமக்கின்றன. மார்பளவு நீரிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே, தரையில் நிற்கவியலாத கால் நீரில் நிற்கத் துணிகிறது. தடுமாறினும் உடல் மெல்லவே சாய்வதால் விழும் அச்சம் குறைகிறது. காலை வீசும்போது நீர் எதிர்ப்பதால் தசைக்கும் வேலை கிட்டுகிறது. 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள வெந்நீர் தசையிறுக்கத்தையும் தளர்த்தும்.

எனினும் இதனை அற்புத சிகிச்சை எனக் கொள்ளலாகாது. இளம்பிள்ளை வாதம் என்று கண்டறியப்பட்ட நோயால் 1921-இல் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், 1924 முதல் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுநீரில் பயின்றார். பயன் பெற்றாராயினும் துணையின்றி நடக்கும் ஆற்றல் அவர்க்கு மீளவில்லை. பக்கவாதத்திற்கு நீர்ப்பயிற்சி எவ்வளவு உதவும் என்று 2011-இல் காக்ரேன் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கிடைத்தவை நான்கு சோதனைகளே. அவற்றில் பங்குகொண்டோர் 94 பேர். உறுதியான முடிவு கூற அவை போதவில்லை.

கடலோ அலையும் நீரோட்டமும் உடையது. அந்தமான் கரைகளில் உவர்நீர் முதலைகளும் உள. உணர்ச்சி குன்றிய பாதம் பவளத்துண்டில் கிழிபட்டாலும் நோயாளி அறியார். வலிப்பு, ஆறாத புண், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரின் அனுமதியின்றி எந்நீரிலும் இறங்கலாகாது.

எனவே களப்பணியாளர்க்கு எமது கருத்து இது: நீர்நிலையை எதிர்பார்த்து நாட்களைக் கழிக்க விடாதீர்கள். இழந்த இயக்கம் மீள்வது முதல் மூன்று மாதங்களிலேயே மிகுதி. நாற்காலியிலிருந்து எழுதல், சுவரைப் பற்றி நிற்றல், துணையோடு நடத்தல் ஆகியவற்றை, மருத்துவர் இசைவு பெற்று, வீட்டிலேயே நாள்தோறும் செய்வித்தல் வேண்டும். ஆசிரியர்கள், முகம் கோணல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகிய அறிகுறிகளை மாணவர்க்குக் கற்பித்தால், நோயாளி தாமதமின்றி மருத்துவமனை சேர்வார்.

பொது நீச்சற்குளம் கட்டுவோர், சாய்தளம், கைப்பிடிக் கம்பி, இடுப்பளவு ஆழமுள்ள பகுதி ஆகிய மூன்றையும் திட்டத்திலேயே சேர்த்தல் வேண்டும். சிறிதளவே கூடும் அச்செலவு, கடலை அஞ்சி வீட்டில் முடங்கியிருப்போர்க்குப் பாதுகாப்பான நீரைத் தரும்.