விதிவிலக்கின் சுமை யார் தலையில்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகி என்ற ஊரை மையமாக வைத்து 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே ஓர் ஆய்வு நடத்தியது. சிபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களிடம் நோய் இன்னதென்று சொல்லவில்லை. அதைக் குணப்படுத்தும் பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தி வெளியானதும் எழுந்த கொதிப்பில், மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு நெறி வகுக்க 1974-இல் தேசிய ஆணையம் ஒன்று அமைந்தது. உறுப்பினர்கள் 11 பேர்.

ஆணையத்தோடு பணியாற்றிய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். குறிப்பிட்ட ஓர் ஆய்வை அனுமதிக்கலாமா என்று கேட்டால் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கொள்கை சொன்னார்கள். ஆகவே அறச் சிந்தனை தனி நிகழ்வுகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்று, உறுப்பினர் ஆல்பர்ட் ஜான்சனோடு சேர்ந்து 1988-இல் எழுதிய நூலில் வாதிட்டார்.

எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். டஸ்கிகி மருத்துவர்களும் சூழலைக் காட்டித்தானே பேசினார்கள்? இந்த ஏழைகளுக்கு எப்படியும் சிகிச்சை கிடைக்கப்போவதில்லை என்பதே தொடக்கத்தில் அவர்கள் சொன்ன நியாயம். அங்கே கொள்கை இறுக்கமாக நின்றிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் கூடாது என்று 1797-இல் மெய்யியலாளர் காண்ட் எழுதியபோது, வளைந்திருக்க வேண்டியது கொள்கைதான். கொள்கை, தனி நிகழ்வு பற்றிய தீர்ப்பு இரண்டையும் மாறிமாறித் திருத்திக்கொள்ளச் சொன்னார் மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் (1971). எப்போது எதைத் திருத்துவது?

யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். டஸ்கிகியில் விதியைத் தளர்த்தியவர்கள் மருத்துவர்கள், செத்தவர்கள் நோயாளிகள். காண்டின் கதையில் விதியைக் காப்பவர் வாசலில் பத்திரமாக நிற்கிறார், உயிர் போவது உள்ளே ஒளிந்திருப்பவனுக்கு. முடிவெடுப்பவர் ஒருவராகவும் அனுபவிப்பவர் வேறொருவராகவும் இருந்தால், கொள்கை பேசினாலும் சூழல் பேசினாலும் நான் சந்தேகப்படுவேன்.

இந்த அளவுகோலும் திணறும் இடம் சிறைச்சாலை. அங்கே ஆய்வு நடந்தால், அதில் சேர முடிவெடுப்பவரும் விலை கொடுப்பவரும் கைதி ஒருவரே. மனிதரை மதிப்பது என்றால், ஆய்வில் பங்கேற்கும் வாய்ப்பை அவருக்கு மறுக்கக் கூடாது. அதே மதிப்புதான், அடைபட்டவரின் சம்மதத்துக்குப் பின்னால் மறைமுக நெருக்கடி இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. 1979-இல் வெளியான, அந்தத் தேசிய ஆணையத்தின் பெல்மாண்ட் அறிக்கை இந்த இழுபறியை மறைக்காமல் எழுதிவைத்தது. அதை எழுதும் முன், மிச்சிகனில் சிறைக்கே போய்க் கைதிகளிடம் பேசிப் பார்த்தவர்கள் ஆணையத்தினர்.