பல்லை அடைத்த பாதரசம் எங்கே போகிறது?

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டபோது தென்மாவட்டங்கள் கொதித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது; கேரளம் லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. அந்தக் கோபம் நியாயமானது. அதே அளவுகோலை நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளின் துப்பும் தொட்டிக்கும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளி நிற அமால்கத்தில் ஏறத்தாழ பாதி பாதரசம். விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும். எத்தனையோ ஏழைகளின் கடைவாய்ப் பற்களை அது காப்பாற்றியிருக்கிறது. வாயில் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும் அடைப்பைப் பயந்துபோய்ப் பிடுங்கத் தேவையில்லை. பிடுங்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும்.

நம் கேள்வி மிச்சத்தைப் பற்றியது. பழைய அடைப்பைக் குடையும்போது தெறிக்கும் துகள் வாய் கொப்பளித்த நீரோடு சாக்கடைக்குப் போகிறது. அடைப்போடு பிடுங்கிய பல் மஞ்சள் பையில் விழுந்தால், எரியுலையில் வெந்து பாதரசம் புகையாகிறது. காற்றில் போனாலும் கடைசியில் அது இறங்குமிடம் மண்ணும் நீரும்தான். நீர்நிலையின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்குகின்றன. மீன் வழியே அது கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வரை செல்லும்.

குற்றாலத்தில் அருவியில் குளிப்பவர் சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று உயர் நீதிமன்றமே தடை விதித்திருக்கிறது. சிற்றாற்றைக் காக்கும் அக்கறை அது. தென்காசியைக் கடந்து, வழியெங்கும் குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது அந்த ஆறு. சீசனுக்கு வரும் பயணியின் ஷாம்பு பாக்கெட்டைப் பறிமுதல் செய்யும் மாவட்டம், பாதரசத்துக்குக் கணக்கு கேட்காமல் இருந்தால் அது அக்கறையாகாது, பாசாங்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் படிந்த அதன் மண்ணைச் சுத்தப்படுத்தும் விவகாரமோ பல ஆண்டுகள் இழுத்தது. கொட்டுவது எளிது, அள்ளுவது கடினம் என்பதைத் தமிழகம் அங்கே படித்துவிட்டது.

எது சரி என்பதில் குழப்பமில்லை. பாதரசக் கழிவை அதற்குரிய விதிகளின்படியே கையாள வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த இந்தியா 2018இல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், மருத்துவர் பாதரசத்தைத் தனியே வாங்கிக் கலக்கும் முறையைக் கைவிடவும், 15 வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாருக்கு அவசியமின்றி அமால்கம் வைக்காதிருக்கவும் 2022இல் முடிவெடுத்தன. 2034க்குள் அமால்கத்தையே கைவிட 2025 நவம்பரில் ஜெனீவாவில் இணங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலேயே பெருமளவு நிறுத்திவிட்டது.

அதுவரை செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. அளந்து அடைத்த கேப்ஸ்யூல், நாற்காலியருகே துகள் பிடிக்கும் வடிகட்டி, குழாயில் அமால்கம் பிரிப்பான், மிச்சத்துக்கும் பிடுங்கிய பல்லுக்கும் காற்றுப்புகாத, பெயர் ஒட்டிய டப்பா. பாதரசத்தைக் கரைத்துவிடும் பிளீச்சிங் கலவையால் குழாயைக் கழுவக்கூடாது. ‘சின்ன கிளினிக்குக்குச் செலவு தாங்காது’ என்ற சாக்கை ஏற்க முடியாது. மிச்சப்படும் அந்தப் பணத்தைக் கட்டுவது ஆற்றோரத்துக் குடும்பங்கள். அதேவேளை டப்பாவில் சேர்ந்ததை வாங்கிச் செல்ல ஆளில்லை என்றால் பழி மருத்துவரோடு நிற்காது. மாவட்டந்தோறும் சேகரிப்புக்கு வழி செய்வது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. பாதரசமில்லாத அடைப்பை அரசு மருத்துவமனையில் ஏழைக்கும் இலவசமாகத் தருவது அரசின் கடமை.

2034 வரை அமால்கம் இருக்கலாம் என்பது மாறிக்கொள்வதற்குக் கொடுத்த அவகாசம். அமால்கத்தைச் சாக்கடையில் கழுவிவிட யாருக்கும் ஒரு நாள்கூட அவகாசம் தரப்படவில்லை. தெரிந்தே செய்தால் அது அலட்சியமல்ல, குற்றம்.