ஆசிரியர் ஊதியம் எப்போது விரயமாயிற்று?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பொருளியல் ஆய்வாளர் ஒருவர், "சாலைக்குச் செலவிட்டால் வளர்ச்சி, சம்பளத்துக்குச் செலவிட்டால் விரயம்" என்றார். அவையில் எவரும் மறுக்கவில்லை. நான் பயின்றது மொழியியல். ஆயினும் இக்கூற்றின் பிழை சொல்லிலேயே தொடங்குவதால் எழுதுகிறேன்.

நம் வரவுசெலவுத் திட்டத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என இரு பிரிவுகள் உண்டு. வருவாய்க் கணக்கிலான செலவைப் பிற செலவுகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுமாறு அரசமைப்பின் 112ஆம் உறுப்பு பணிக்கிறது. இது கணக்கெழுதும் முறை. எச்செலவு வளர்ச்சி தரும் என்னும் தீர்ப்பு அதில் இல்லை. பள்ளிக் கட்டடம் மூலதனச் செலவு; அங்கே கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியம் வருவாய்ச் செலவு. ஆசிரியர் இல்லாத கட்டடத்திலிருந்து எந்த வளர்ச்சி பிறக்கும்?

கணக்குத் தலைப்பு கொள்கையாக மாறியதே கேடு. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதை இலக்காக வைத்தது. 2018இல் ஒன்றிய அரசு தன் சட்டத்திலிருந்து அவ்விலக்கை நீக்கிய பின்னும் அம்மனப்பாங்கு நீங்கவில்லை. மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு 2020-21 முதல் வழங்கும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் மூலதனச் செலவுக்கே உரியது. அதைக் கொண்டு பள்ளி கட்டலாம். ஆசிரியருக்கு ஊதியம் தர இயலாது.

சாலையும் துறைமுகமும் வேண்டா என்பதன்று என் வாதம். கடன் வாங்கி அன்றாடச் செலவை நடத்துவதில் உள்ள இடரையும் மறுக்கவில்லை. ஆனால் பழைய கடனுக்கான வட்டியும் வருவாய்ச் செலவு, செவிலியர் ஊதியமும் வருவாய்ச் செலவு. 'வருவாய்ச் செலவைக் குறை' என்று ஆணையிட்டால் வட்டியைத் தொட முடியாது. காலிப் பணியிடங்கள்தாம் நிரப்பப்படாமல் கிடக்கும்.

2019 செப்டம்பரில், விலக்குகளைக் கைவிடும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு வரி 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போது அறிவித்த சலுகைகளால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே கூறியது. அதற்குப் பெயர் 'ஊக்கம்'. மாணவரின் மதிய உணவுக்குப் பெயர் 'இலவசம்'. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு என்று 1966இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. 2020இன் கல்விக் கொள்கையும் அதே எண்ணைத் திரும்ப எழுதியிருக்கிறது. அது இன்னும் இலக்காகவே இருக்கிறது.

பொருளியல் நண்பர்கள் தரவுகளோடு மறுக்கலாம், கற்றுக்கொள்வேன். ஆனால் "அது வருவாய்ச் செலவு" என்பதை மட்டும் மறுப்பாகக் கொண்டுவர வேண்டா. அது ஒரு தலைப்பின் பெயர், வாதமன்று.