உப்புத் தின்ற வண்டி

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் முக்கியமாக இரண்டு முறைதான் தெரியும். ஒன்று, நேர்க்கோட்டு முறை. இன்னொன்று, குறைந்து செல் மதிப்பு முறை. தூத்துக்குடியில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்குப் பெயர் உப்புக்காற்று முறை! ஃபார்முலா கிடையாது, பேரேடு கிடையாது. வண்டியை பீச் ரோட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம். மீதியைக் காற்று கவனித்துக்கொள்ளும்.

வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதமும் வாடகைக்கு ஓடும் லாரிக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். உப்பு ஏற்றுகிற லாரி முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றமாகக் கேட்பார். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த ஊரில் விளைகிறது. அத்தனையையும் சுமந்துபோவது இரும்பு வண்டிகள். உப்புக்கும் இரும்புக்கும் உள்ள உறவு மாமியார் மருமகள் உறவு மாதிரி. ஒரே வீட்டில் இருந்துதான் ஆகவேண்டும். ஆனால் அரிப்பு நிற்காது.

இதற்கு இப்போது ஒரு புது வைத்தியம் வந்திருக்கிறது. 'பெட் லைனர்' என்று பெயர். படுக்கை விரிப்போ என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்பக்கத் தொட்டிக்கு 'பெட்' என்று பெயர். கல்லும் கம்பியும் ஏற்றி இறக்கி அந்தத் தொட்டி கீறிப்போகாமல் இருக்க, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் பீய்ச்சி அடிக்கிற கெட்டியான பூச்சு இது. இரண்டு ரசாயனங்கள் துப்பாக்கியின் நுனியில் கலக்கும். வண்டியில் விழுந்த சில நொடியிலேயே இறுகி, சொரசொரவென்று கறுப்புத் தோலாகிவிடும். சாதாரண கார் பெயிண்ட், எல்லாப் பூச்சும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். இந்தத் தோல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்! முதலையிடம் கடன் வாங்கினது மாதிரி இருக்கும்.

தொட்டிக்கு நல்லதென்றால் பம்பருக்கும் நல்லதுதானே? பம்பருக்கு என்றால் கதவுக்கு? கதவுக்கு என்றால் வீலுக்கு? நம்மாட்கள் விடுவார்களா? வண்டி முழுவதையும் கறுப்புத் தோலுக்குள் போட்டுவிட்டார்கள். (முழு வண்டியின் நிறத்தையும் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றவேண்டும் என்பது தனிக்கதை.)

ஒரு பட்டறையில் நடந்த பேச்சு இது. சின்ன யானை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்.

"அண்ணாச்சி, இத அடிச்சா துரு வராதுல்ல?"

"வராதுன்னு யாருவே சொன்னா? வெளிய தெரியாது!"

இந்த விஷயத்தில் நான் கேட்ட ஒரே உண்மையான விளம்பரம் அதுதான்.

துரு பிடிக்க மூன்று பேர் போதும்: இரும்பு, தண்ணீர், காற்று. உப்பு நான்காவது ஆள், தரகர். காரியத்தை வேகப்படுத்திவிட்டு, தான் செலவாகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார். போதாததற்குத் தண்ணீரை அவரே வரவழைத்துக்கொள்வார். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகக் கரைந்து நீராகிவிடும். உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். ஈர உப்பு ஏற்றின லாரியின் அடியில் சொட்டுவது இதுதான். அக்னி நட்சத்திரத்தில் ஊரே காய்ந்து கிடக்கும். சேஸிஸ் மட்டும் கசகசவென்று நனைந்திருக்கும்.

இந்தத் தரகரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? அதேதான், அழுக்கு வண்டிமேல் பெட் லைனர் அடித்தாலும் ஆகும். எங்கேயாவது ஒரு கீறல் விழும். ஈரம் உள்ளே போகும், வெளியே வராது. துருவுக்கு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளேயிருந்து தள்ளும். மேலே தோல் மினுமினுவென்று இருக்கும். உள்ளே வண்டி வற்றிப்போயிருக்கும். பெட் லைனர் மோசமான சரக்கு இல்லை. சுத்தமான இரும்பில் அடித்தால் நன்றாகவே உழைக்கும். பிசகு அடிப்பதற்கு முந்தைய வேலையில்தான்.

இது நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி, காயவைத்து, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, அதற்கப்புறம்தான் எண்ணெயும் குங்கிலியமும். சுரண்டுகிற கூலிக்குப் பயந்து நேரே எண்ணெய் பூசின தோணி, சரக்கோடு கடலடியில் முத்துக்குளிக்கப் போயிருக்கும்.

மரத்துக்கே இப்படி என்றால் இரும்புக்கு? இதே கடலோரத்தில் வடகிழக்கே போனால் பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதுமாகவே அதன் காலம் போயிற்று. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு, துரு பிடிக்காமலிருக்க 'பாலிசிலாக்சேன்' என்ற பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலத்து இரும்புக்கு இதுமாதிரிப் பூச்சு போடுமுன் மணலோ இரும்புத் துகளோ பீய்ச்சி, பளபளவென்று வெறும் உலோகம் தெரிகிற வரை சுத்தம் செய்வதுதான் முறை. பாலத்துக்கு உண்டான மரியாதை நம் சின்ன யானைக்குக் கிடையாதா?

ஆகவே பூச்சு அடிக்கப் போகிறவர்கள் 'சதுர அடி எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அடிக்கு முன்னால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அது கழுவுவதல்ல, ஊறுகாய் போடுவது! பிறகு துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து (உப்பை விரட்டவும் உப்புத்தாள்தான், தமிழின் குறும்பைப் பாருங்கள்), எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் துப்பாக்கியை எடுக்கவேண்டும்.

கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கக்கூடாது. அடைத்தால் கதவு, தொட்டியாகிவிடும். வீலுக்கு அடிப்பதானால் நட்டு உட்காருகிற இடத்திலும், ஹப்பில் ஒட்டுகிற முகத்திலும், டயர் பிடிக்கிற விளிம்பிலும் பூச்சு படவே கூடாது. நட்டுக்கு அடியில் பூச்சு நசுங்கினால் நட்டு தளரும். அப்புறம் திருநெல்வேலி ரோட்டில் உங்கள் வீல் உங்களையே ஓவர்டேக் செய்யும். தடிமன் ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஸ்டியரிங் ஆடும். அடித்து முடித்ததும் பேலன்ஸிங் பார்த்தே ஆகவேண்டும்.

சிரிக்கிற விஷயமில்லாத ஒன்றும் இருக்கிறது. இந்த இரண்டு ரசாயனங்களில் ஒன்றுக்கு ஐசோசயனேட் என்று பெயர். அடிக்கும்போது கிளம்புகிற புகை மூச்சில் ஏறினால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை அது பழகிவிட்ட உடம்புக்கு அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடிதான் இதற்குச் சரி. நம் பட்டறைகளில் என்ன முகமூடி? மூக்கில் கட்டின துண்டு! எடுபிடிப் பையனுக்கு அதுவும் கிடையாது. உங்கள் வண்டிக்குப் பத்து வருஷ ஆயுள் வேண்டும் என்று இன்னொருத்தர் நுரையீரலில் தேய்மானம் எழுதக்கூடாது. முகமூடி வைத்திருக்கிற பட்டறை நூறு ரூபாய் கூடக் கேட்டால், கொடுங்கள்.

செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிவயிறு முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சோடு ஒரு பழைய வண்டி வந்து நின்றால், அலங்காரத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். கீழே படுத்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இரும்பு. 'தப்' என்றால் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்று நடையைக் கட்டுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. பூச்சு, வருஷக்கணக்கில் வருகிற மூலதனச் செலவு. வாராவாரம் அடிப்பக்கத்துக்கு நாலு குடம் நல்ல தண்ணீர், வருவாய்ச் செலவு. முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஐந்தொகை இடிக்கிறது.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள். தூத்துக்குடியில் அதை வண்டிக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும்.