பணியாளர் கையில் கடிகாரம், உத்தரவிட்டவர் எங்கே?

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டின. யார் எப்போது வந்தார், எங்கே நிற்கிறார் என்பதை அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். சண்டிகரில் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள்.

வருகைப்பதிவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது ஏன் கீழே இருப்பவரை மட்டும் பார்க்கிறது என்றுதான் கேட்கிறோம்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக் குழியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் சாவு விழுந்ததும், 'நாங்கள் இறங்கச் சொல்லவில்லை' என்று ஒப்பந்ததாரர் கை கழுவிவிடுகிறார். சொன்னதற்குச் சாட்சி, செத்துப்போன தொழிலாளிதான்.

அந்தச் சாட்சியம் சாகாமல் இருக்க ஒரு குறுஞ்செய்தி போதும். எந்தக் குழி, என்ன வேலை, என்ன கருவி கொடுத்தார்கள், உத்தரவிட்டவர் பெயர் என்ன: இத்தனையும் வேலை தொடங்கும் முன்பே தொழிலாளியின் செல்போனுக்கும் சங்கத்துக்கும் வர வேண்டும். எழுத்தில் உத்தரவு இல்லையென்றால் இறங்க மறுக்கலாம். அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது.

கடிகாரம் கட்டப் பணம் இருந்தவர்களுக்கு இது முடியாத காரியமா? தோழர்களே, அடுத்த முறை ஒரு புதிய செயலியைப் பாராட்டும் முன் கேளுங்கள்: இது யாரைப் பதிவு செய்கிறது, யாரைத் தப்பவிடுகிறது?