குதிரை ஓடிய மண்ணில் குழந்தை ஓடட்டும்!



சென்னையின் நடுவே, கிண்டியிலே, 160 ஏக்கர் நிலம். அரசு நிலம், அதாவது நம்முடைய நிலம். அதிலே ஓடியது யார்? குதிரை! ஆடியது யார்? கோமான்! வெளியே நின்றது யார்? நீங்களும் நானும்!

1946-இல் 99 ஆண்டுகளுக்கென்று மதராஸ் ரேஸ் கிளப்பிற்கு அது குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைப் பணம் எவ்வளவு தெரியுமா? ஆண்டொன்றுக்கு 614 ரூபாய், கொஞ்சம் சில்லறை. ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூடத் தேறாது! ஏனாத்தூரிலே குத்தகைக்கு உழுபவன் இப்படியொரு கணக்குச் சொன்னால், நிலக்காரர் அவனைக் களத்துமேட்டில் கால் வைக்க விடுவாரா?

தொகையை உயர்த்தியது அரசு; ஒப்ப மறுத்தது கிளப். 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியைச் செலுத்து என்று 2023-இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் குத்தகையை முறித்து நிலத்தை மீட்டது அரசு. 118 ஏக்கரில் பூங்கா என்ற அறிவிப்பும் அடுத்த மாதமே வந்தது. கிளப்போ மீண்டும் நீதிமன்றப் படி ஏறியது.

குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை என்று 1996-இல் உச்சநீதிமன்றம் சொன்னதைச் சுட்டிக் காட்டுகிறார்கள். இருக்கட்டும்! திறமை குதிரையுடையது, நிலம் மக்களுடையது!

"1777 முதல் வந்த பாரம்பரியம் பாழாகிறதே!" என்று பதறுகிறார்கள் சிலர். பாரம்பரியம் பேசுவோர் நம் உத்திரமேரூருக்கு வரட்டும். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைக் காட்டுகிறோம். குடவோலையிட்டு ஏரிக்கொரு வாரியம், தோட்டத்திற்கொரு வாரியம் அமைத்தனர். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் ஓலையில் எழுதலாகாது என்று விதித்தனர். கணக்குக் காட்டாதவனுக்கே அந்தத் தண்டனை என்றால், கோடிக்கணக்கில் பாக்கி வைத்தவர்க்கு மட்டும் சலுகையா?

அந்தக் குடவோலையிலும் குறை உண்டு. நிலமும் வேதமும் உடையோர்க்கே அதில் இடம், உழைத்தவனுக்கு இல்லை. இன்று உழைப்பவன் கையிலே வாக்குச்சீட்டு இருக்கிறது. ஆகவே தோட்டத்திலும் அவனுக்குப் பங்கு உண்டு!

"சென்னைப் பூங்காவினால் ஏனாத்தூருக்கு என்ன?" என்று கேட்கலாம். மாநகரிலே கல் சுமக்கவும் கட்டடம் எழுப்பவும் போவது நம் ஊர்க் கைகள் அல்லவா? சுமை இறக்கிய தோளுக்கு ஒரு நிழல் வேண்டாமா?

ஒன்றில் விழிப்போடு இருப்போம். 2024-இல் சென்னை கதீட்ரல் சாலையில் திறந்த பூங்காவிலே பெரியவர்க்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். கிண்டியிலும் அப்படியானால், கிளப்பின் கதவு போய்க் கட்டணத்தின் கதவு வந்ததாகும். கோமானிடமிருந்து மீட்டதைக் காசுக்காரனிடம் ஒப்படைக்கவா இத்தனை வழக்கும் வாதமும்?

ஆட்சி எவருடையதாயினும் நம் கோரிக்கை ஒன்றே: கட்டணமற்ற பூங்கா, பூட்டற்ற கதவு. கிளைதோறும் பேசுங்கள்! தெருதோறும் முழங்குங்கள்!